மழைக்காரம்மா

நான் பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு வறண்ட ஊர். எங்கள் சபையில் மழைக்காக முழங்கால் போட்டுப் போட்டே பெண்களுக்கு முட்டி காய்த்துப்போயிருக்கும். நாலு தூறல் விழுந்தால் போதும், கோயில் மணியை அடித்துவிடுவோம். அந்த ஊரிலிருந்து தூத்துக்குடியில் கப்பலேறி, இலங்கையின் சபரகமுவ மாகாணத்து ரப்பர் தோட்டங்களில் வேதம் சொல்ல வந்தவள் நான். வந்த புதிதில் ஒரு மழைநாள் காலையில் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று நான் செய்த முதல் ஜெபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"ஆண்டவரே, இந்த நல்ல மழைக்காக ஸ்தோத்திரம். இந்த ஜனங்களுக்குத் தினந்தோறும் இப்படியே பெய்யப்பண்ணும்" என்று உருகிக் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தேன். எதிரே இருந்த முகங்களில் ஒன்றுகூட நன்றாயில்லை. இஸ்தோப்பில், லயத்துத் திண்ணையில், குந்தியிருந்த ஒரு பெண் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"ஏம்மா, நாங்க ஒங்களுக்கு என்ன கெடுதி செஞ்சோம்? எங்க வயித்துல அடிக்கிறதுக்கா அக்கரையில இருந்து கப்பலேறி வந்தீங்க?"

தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டங்களிலேயே பேர்போன வாய் அவளுடையது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. எதற்குத் திட்டுகிறாள் என்பதும் தெரியாது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், அவர்தான் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தேயிலை என்றால் மழையிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறிக்கலாம். ரப்பர் அப்படியில்லை. விடிகாலையில் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்குள் விழாமல் பட்டையோடு வழிந்து தண்ணீரோடு போய்விடும். ஆகையால் காலையில் மழை பிடித்தால், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கூடிய ஆட்களைக் கங்காணி அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கு வேலையில்லை, பேர் இல்லை. ஒரு நாள் வேலையை அங்கே பேர் என்பார்கள். பேர் விழாத நாள் அடுப்புக்கும் ஆகாத நாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது அதைத்தான், அதுவும் தினந்தோறும் வேண்டுமென்று.

அந்தத் தப்பு ஜெபத்தை நான் மறுபடி செய்யவில்லை. ஆனால் சங்கடம் அதோடு தீர்ந்தபாடில்லை. தோட்டத்துத் துரை எங்களுக்கு உத்தரவு கொடுத்தபோதே, வேலை நாளில் லயத்துப் பக்கம் வரக்கூடாது, வேலை நின்ற நாளில் வந்து எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சனங்கள் கடைத்தெருவுக்குப் போய்விடுவார்கள். மிச்சம் எது? மழை நாள். எங்கள் மிஸ்ஸியம்மா, வெள்ளைக்கார அம்மாள், அகராதியில் இருக்கிற தமிழை அப்படியே பேசுகிறவர். காலையில் கூரையில் மழைச் சத்தம் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். "சகோதரியே, ஆண்டவர் வாசலைத் திறந்திருக்கிறார். விரைந்து புறப்படுவாயாக" என்பார். நான் குடையை விரித்துக்கொண்டு, காலில் அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம் பூசிக்கொண்டு, வேதக்கதைப் படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலையேறுவேன்.

இரண்டு மழைக்காலம் போவதற்குள் அந்தத் தோட்டத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். வேதக்காரம்மா வந்தால் மழை. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. என் தலையைப் பாதையில் கண்டதும் பிள்ளைகள், "மழக்காரம்மா வர்றாங்க, மழக்காரம்மா வர்றாங்க" என்று கூவிக்கொண்டு ஓடும். சந்திக்கடைச் சிங்கள முதலாளிகூட என் கறுப்புக் குடையைப் பார்த்துவிட்டு, "அத வெட நே" என்று பெருமூச்சு விடுவார். இன்றைக்கு வேலையில்லை என்று அர்த்தம். வேலையில்லாத நாளில் அவருக்கும் வியாபாரம் படுத்துவிடும் அல்லவா?

எனக்குக் கோபம் வந்தால் திருநெல்வேலி முழுவதும் வாயில் வந்துவிடும். ஒருநாள் அந்த வாய்க்காரியிடமே சண்டைக்கு நின்றேன். "மழை பெய்யுது, அதனால நான் வாரேன். நான் வாரதுனால மழை பெய்யல. இது சின்னப் பிள்ளைக்கும் புரியுமே!" என்றேன்.

அவள் பக்கத்திலிருந்தவள் தலையில் ஈரை எடுத்துக் குத்திக்கொண்டே நிதானமாகக் கேட்டாள். "சரிங்க. நீங்க வராத நாளு என்னிக்காச்சும் வேல நின்னுருக்கா?"

நான் யோசித்துப் பார்த்தேன். நிற்கவில்லைதான். படச்சுருளை விரித்தேன். அதிலும் அன்றைக்குப் பார்த்து நோவாவின் பேழைப் படம் வந்து தொலைந்தது.

அந்த லயத்தில் ஒருத்திக்கு மட்டும் நான் வருவது கசக்கவில்லை என்பதை மெல்லத்தான் கவனித்தேன். கடைசிக் காம்பராவில், அதாவது லயத்தின் கடைசி அறையில், இருந்தவள். முப்பது வயதுகூட இருக்காது. புருஷன் காய்ச்சலில் போய், நாலைந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்றை வைத்துக்கொண்டு பால் வெட்டிப் பிழைத்தாள். மற்றவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து முணுமுணுக்கும்போது, இவள் இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கவிழ்த்துப்போட்டு, தலையை வாருவதும் மறுபடி பிரித்து வாருவதுமாக இருப்பாள். அவள் சிரித்து நான் பார்த்ததெல்லாம் மழை நாளில்தான். என் கதைகளைக் கேட்பாளோ மாட்டாளோ, தெரியாது. அவளும் மற்றவர்களைப் போலத்தான், என்னைக் காம்பராவுக்குள் கூப்பிட்டதில்லை. வேதக்காரி என்ன சாதியோ, எதற்கு வம்பு என்று எல்லாரும் இஸ்தோப்போடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் உள்ளூர வருத்தம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. தோட்டத்தில் ஆட்குறைப்பு. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு நாள் வேலைக்கு வராமல் நின்றாலும் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவதாகவும், பேர் வெட்டியவர்கள் காம்பராவைக் காலிசெய்து கொடுத்து அக்கரைக்குக் கப்பலேற வேண்டியதுதான் என்றும் பெரட்டில் சொல்லிவிட்டார்கள். சனங்கள் காய்ச்சலோடும் ரப்பர் காட்டுக்குப் போனார்கள்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம், கடைசிக் காம்பராக்காரி எங்கள் மிஷன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மலையிலிருந்து ஓடியே வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. மிஸ்ஸியம்மா கூட்டத்துக்காகக் கேகாலைக்குப் போயிருந்தார். நான் ஒருத்திதான் இருந்தேன்.

"அம்மா, நாளைக்கு எங்க லயத்துக்கு வருவீங்களா?" என்றாள்.

"நாளைக்கு வேலை நாளாச்சே" என்றேன்.

"அதுக்குத்தான் கேக்குறேங்க. நீங்க வந்தா மழ வரும். மழ வந்தா வேல நிக்கும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "புள்ளைக்கி மூணு நாளா அனலாக் கொதிக்குது. கண்ணே தொறக்க மாட்டேங்குது. நான் வூட்டுல இருக்கணுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நான் வந்து பிள்ளையைப் பாத்துக்கிடுதேன். நீ வேலைக்குப் போயிட்டு வாம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "நீங்க பாக்குறதுக்கு இல்லீங்க. நான் இருக்கணும். இதுக்கு முன்ன ஒரு ஆம்பளப் புள்ள இருந்துச்சு. அதுக்கும் இப்புடித்தான் காய்ச்ச. புள்ளைங்கள வச்சுப் பாத்துக்குற புள்ளக் காம்பராவுல வுட்டுட்டுப் பால் வெட்டப் போயிட்டேன். அது போறப்ப நான் மரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தேன். யாரோ வந்து சொன்னாங்க. கையில கத்தியோட நின்னேன். இந்தப் புள்ள போறதா இருந்தாலும் என் மடியில இருக்கணுங்க. ஒரே ஒரு நாளு மழ வரட்டும்."

மழை அவளுக்கு ஏன் சிரிப்பைக் கொண்டுவந்தது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மழை நாள் ஒன்றில்தான் அவள் பகலில் தாயாக இருந்தாள். எத்தனையோ தடவை சண்டைபோட்டு மறுத்த அந்தப் பைத்தியக்கார நம்பிக்கையை அவளிடம் மறுக்க எனக்கு நாக்கு எழவில்லை. "வாரேன்" என்றேன். அவள் என் காலைத் தொடப் போனாள். தடுத்தேன்.

அவள் போனபின் முழங்காலில் நின்றேன். என்ன கேட்பது? மழை பெய்யட்டும் என்று கேட்டால் அந்தத் தோட்டம் முழுவதும் நாளைக்குப் பேர் இல்லாமல் போகும். இருக்கிற நிலைமையில் அது சின்னக் காரியமில்லை. பெய்யவேண்டாம் என்று கேட்க மனம் எப்படி வரும்? கடைசியில், "ஆண்டவரே, அந்தக் கடைசிக் காம்பராவின் மேல் மட்டும் பெய்யப்பண்ணும்" என்று கேட்டேன். ஆண்டவருக்கே சிரிப்பு வந்திருக்கும். ஆனால் என் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாக நான் கேட்ட ஜெபம் வேறு எதுவும் இருக்கிறதா என்று இன்றும் தெரியவில்லை.

விடிவதற்கு முன்னே எழுந்து கதவைத் திறந்தேன். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வெளுத்த வானத்தை நான் அதிகம் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டேன். சந்திக்கடையில் முதலாளியை எழுப்பிக் கொத்தமல்லியும் இஞ்சியும் வாங்கி முடிந்துகொண்டு மலையேறினேன்.

நான் போய்ச் சேரும்போது பெரட்டுக்குத் தப்படித்துக்கொண்டிருந்தார்கள். பால் வாளியும் கத்தியுமாக ஆட்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். வாய்க்காரி பதறிப்போய், "இதென்ன, இன்னிக்கி எங்க வந்தாங்க இவங்க?" என்று கூவினாள். கண்டக்டர் ஐயா வேகமாக என்னிடம் வந்தார்.

"அம்மா, இண்டைக்கு வேலை நாள் எல்லோ? துரைக்குத் தெரிஞ்சால் எனக்கெல்லோ கரைச்சல்."

"ஒரு பிள்ளை சாகக் கிடக்கு. துரைக்குத் தெரிஞ்சா என்னையக் கூப்பிடச் சொல்லுங்க, நான் பேசிக்கிடுதேன்" என்றேன். என் சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, தான் என்னைக் காணவே இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நல்ல மனிதர்.

கடைசிக் காம்பரா வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குக் கட்டும் சாக்கை இடுப்பில் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"மழ வரலீங்களே" என்றாள். ஒரு குறைகூட இல்லை அந்தக் குரலில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வரலைம்மா" என்றேன். "நான் வந்துருக்கேன்."

 அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இருட்டும் புகையும் நிறைந்த அந்தக் காம்பராவின் மூலையில், கம்பளியில் சுற்றிக் கிடந்த பிள்ளையை எடுத்து, சப்பணமிட்டு உட்கார்ந்த என் மடியில் வைத்தாள். பிள்ளை அடுப்பிலிருந்து எடுத்த ஓடுபோலக் கொதித்தது. "பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல் தாண்டித் திரும்பி வந்து பார்த்தாள். மறுபடி போனாள். தப்புச் சத்தம் நின்றது. லயத்தில் ஆள் அரவம் அடங்கிப்போயிற்று.

நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டேன். கொத்தமல்லித் தண்ணீரில் பஞ்சை நனைத்து உதட்டில் பிழிந்தேன். தெரிந்த பாட்டையெல்லாம் பாடினேன். அது தீர்ந்ததும், மாரியம்மன் திருவிழாவில் அந்த லயத்துப் பெண்கள் பாடிக் கேட்ட தாலாட்டையும் பாடினேன். மிஸ்ஸியம்மா கேகாலையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பயந்தேன், நன்றாகவே பயந்தேன். இந்தப் பிள்ளை என் மடியில் கண்ணை மூடிவிட்டால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? சாவைப்பற்றியும் மோட்சத்தைப்பற்றியும் எத்தனை பேருக்கு எத்தனை அழகாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சில் ஒன்றாவது அன்றைக்கு எனக்கு உதவவில்லை. கதவு வழியாக வெயில் உள்ளே வந்து விழுந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

வெயில் நடுக்காம்பரா வரை வந்தபோது பிள்ளையின் மேலுதட்டில் பொடிப்பொடியாக வேர்வை கண்டது. பிறகு கழுத்தில், பிறகு முதுகில். கொஞ்ச நேரத்தில் என் மடி நனைந்து சேலை ஒட்டிக்கொண்டது. கொதித்த உடம்பு குளிர்ந்து, மூச்சு சீராக வந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஏறவும் இல்லை. நான் அசையக்கூடப் பயந்து அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

மலையில் நடந்ததை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். மரமெல்லாம் வெட்டி முடித்தபின் பால் வடிந்து சிரட்டை நிறையும் வரை காத்திருந்து, அப்புறம்தான் வாளியில் சேர்க்க வேண்டும். அதுவரைக்கும் மரத்தை விட்டு யாரும் நகரக்கூடாது. அந்த நேரத்தில் இவள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றிருக்கிறாள். வாய்க்காரிதான் அதைப் பார்த்திருக்கிறாள். "அடி, இங்க நின்னு என்னத்தப் புடுங்கப் போற? ஓடு! ஒன் பால நாங்க எடுத்துக்குறோம்" என்று இவள் வாளியைப் பிடுங்கிக்கொண்டு, பக்கத்து நிரைப் பெண்களுக்கு மரங்களைப் பங்குபோட்டுக் கொடுத்தாளாம். கங்காணி அந்த நேரம் பார்த்து முதுகைத் திருப்பிக்கொண்டு வெற்றிலை போட்டாராம். அந்த வாயை நான் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! இப்போது நினைத்தால் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எனக்குக் கேட்டதெல்லாம் வெறுங்கால் ஓடிவரும் சத்தம். அவள் வாசலில் வந்து நின்றாள். முழங்கை வரை பால் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அழுதுகொண்டிருந்ததை முதலில் பார்த்தாள். பிள்ளை அசையாமல் கிடப்பதைப் பார்த்தாள். அப்படியே வந்து விழுந்து பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள். நெற்றி சில்லென்று இருந்தது.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் அலறிவிட்டாள். அந்த அலறலில் பிள்ளை திடுக்கிட்டுக் கண் விழித்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் மலங்க மலங்க விழித்து, என்னைப் பார்த்தது, நனைந்துபோயிருந்த தன் சட்டையைப் பார்த்தது, பிறகு தாயைப் பார்த்தது. பகலில், காம்பராவுக்குள், தன் பக்கத்தில் தாய். முகம் முழுவதும் மெல்லச் சிரிப்பு பரவியது.

"அம்மா, மழயா?" என்று கேட்டது.

அவள் பிள்ளையை என் மடியிலிருந்து வாரி எடுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "ஆமா சாமி" என்றாள். "மழதான். நல்ல மழ."

பொய் சொல்லக்கூடாது என்று அந்த லயத்துக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.